கிடார் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!



ஆண்டு விழாவில் எங்கள் குழு பாடியதிலிருந்து என்னிடம் பலரும் கேட்கும் கேள்விகள் மூன்று. "கிடார் எவ்ளோ?" "எங்க வாங்கின?" "நானும் வாங்கலாமா?" எட்டாம் வகுப்புத் தம்பிகளிலிருந்து வேதியியல் ஐயா வரை கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எல்லாவற்றையும் இந்தத் தாளில் எழுதிவிடுகிறேன். பொறுமையா நின்னு படிங்க. பின்னாடி நிக்கறவங்களுக்கும் கொஞ்சம் வழி விடுங்க!

முதலில் ஒன்று. கிடார் வாங்குவது பேனா வாங்குவது மாதிரி இல்லை. நம்ம வீடுகளில் அது ஒரு சீட்டுப் பணம், அல்லது ஒரு போகம் மணிலா விற்ற காசில் ஒதுக்கிய பங்கு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் யாரும் மாடு பிடிப்பதில்லை. ஆனால் கிடாரை மட்டும் கலர் பார்த்து வாங்குகிறோம். பளபளன்னு கறுப்பு, அல்லது சூரியன் மறையற மாதிரி ஆரஞ்சு. அவ்ளோதான், காசு கைமாறிடுது.

இதில் காசு போவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. எங்க பக்கத்து வீட்டு அக்கா ஆன்லைனில் 2,200 ரூபாய்க்கு ஒரு கிடார் வாங்கினாங்க. மூணு மாசம் விரல் நுனி சிவக்கச் சிவக்கப் பழகினாங்க. ஒரு கார்டுகூட சுத்தமா வரலை. "எனக்கு இசை ஞானம் இல்ல பாப்பா"ன்னு சொல்லி அதைப் பரண்ல போட்டுட்டாங்க. குறை அவங்ககிட்ட இல்லை, கிடார்ல இருந்தது. அது எப்படித் தெரிந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். மோசமான கிடார் ஒருத்தரோட ஆசையையே கொன்னுடும். நான் இதை எழுத முக்கியக் காரணம் அதுதான்.

முதலில் வகைகள்

மின்சாரம் இல்லாமல், தன் வயிற்றுக் கூட்டிலிருந்தே ஒலி எழுப்பும் கிடார்தான் அகூஸ்டிக் கிடார். இதில் இரண்டு வகை.

1. கிளாசிக்கல் கிடார்: நைலான் கம்பிகள். நெக் அகலம். விரலுக்கு மென்மை. தனியாக மெட்டு வாசிக்க நல்லது. இசைஞானி இளையராஜா லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியது கிளாசிக்கல் கிடாரில்தான்.

2. ஸ்டீல் ஸ்ட்ரிங் கிடார்: இரும்புக் கம்பிகள். சத்தம் அதிகம். பாட்டுக்குப் பக்கவாத்தியமாகக் கார்டு வாசிக்க ஏற்றது. சர்ச் குவயரிலும் கேரல் ரவுண்ட்ஸிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. கிளாசிக்கல் கிடாரில் இரும்புக் கம்பி மாட்டவே கூடாது. நடுத்தரத் தடிமன் உள்ள ஆறு இரும்புக் கம்பிகளைச் சுருதி சேர்த்தால், அவை சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவுக்கு மேல். ஏறக்குறைய ஒரு நெல் மூட்டை! அந்த மூட்டை ராத்திரி பகலா தொங்கினா நைலானுக்காகச் செஞ்ச பலகை தாங்குமா? பிரிட்ஜ் பேர்த்துக்கிட்டு வந்துடும்.

ஆறாம், ஏழாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு முழு அளவுக் கிடார் கைக்கு எட்டாது. முக்கால் அளவு கேளுங்கள்.

மரம் என்ன சொல்கிறது?

எங்க அப்பா தச்சு வேலை செய்பவர். கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால் கடையில் எனக்கு உதவியது பாட்டு தெரிந்த யாரும் இல்லை, அப்பாவின் கண்தான். ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரஸ் (1817-1892) என்பவர்தான் இன்றைய கிளாசிக்கல் கிடாரின் உருவத்தை வகுத்தவர். அவரும் தச்சு வேலையில் ஆரம்பித்தவர் என்று படித்தபோது அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பின்ன? மரம் தெரிஞ்சவனுக்குத்தானே தெரியும்" என்றார்!

அந்தத் தோரஸ் 1862-இல் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். கிடாரின் பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் மரத்தில் செய்யாமல் காகிதக் கூழ் அட்டையில் செய்தார். மேல் பலகை மட்டும் நல்ல மரம். அந்தக் கிடாரும் ஒலித்தது! கம்பி அதிரும்போது முக்கியமாக அதிர்ந்து காற்றைத் தள்ளுவது மேல் பலகைதான் என்று காட்டவே அப்படிச் செய்தார். அந்தக் கிடார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நமக்கு இதில் பாடம் என்ன? பின்பக்கம் எந்த மரம், எவ்வளவு பாலிஷ் என்று மயங்க வேண்டாம். மேல் பலகையைப் பாருங்கள். அது ஒரே மரத்தகடா, ஒட்டுப் பலகையா? சவுண்ட் ஹோலின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். மேலே தெரியும் ரேகை விளிம்பிலும் அப்படியே இறங்கினால் ஒரே மரம். நடுவில் வேறு நிறத்தில் அடுக்கு தெரிந்தால் ஒட்டுப் பலகை.

ஒரே மரத்துக்கு ஒலி இனிமை. ஆனால் விலை கூடும், ஈரம், வெப்பம் மாறினால் விரியும், வெடிக்கும். ஒட்டுப் பலகைக்கு ஒலி கொஞ்சம் மட்டு. ஆனால் நம்ம ஊர் கத்திரி வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் தாங்கும். எனவே 10,000 ரூபாய்க்குள் வாங்குபவர்கள் ஒட்டுப் பலகையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். முதல் கிடாருக்கு அது போதும்.

இன்னொரு செய்தி. உலகம் முழுக்க கிடாரின் ஃபிங்கர்போர்டுக்கு விரும்பிப் போடும் மரம் இந்தியன் ரோஸ்வுட். அதுதான் நம்ம ஈட்டி மரம்! ரோஸ்வுட் இன மரங்கள் அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால், 2017 ஜனவரி முதல் பன்னாட்டு வணிகத்தில் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கொடுத்தார்கள். விலை குறைந்த கிடார்களில் ரோஸ்வுட்டுக்குப் பதில் வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பதும் உண்டு. வாசிக்க அதனால் பெரிய தடை இல்லை.

கடையில் செய்ய வேண்டிய ஏழு சோதனைகள்

(வலது பக்கம் நான் வரைந்த படத்தைப் பார்த்துக்கொண்டே படியுங்கள். படத்தில் 1 முதல் 7 வரை எண் போட்டிருக்கிறேன்.)

1. கண்ணால் பார்ப்பது: கிடாரைத் துப்பாக்கி மாதிரி பிடித்து, ஒரு கண்ணை மூடி, நெக் ஓரமாக நீளவாக்கில் பாருங்கள். சட்டம் கோணலா என்று தச்சர்கள் பார்ப்பது இப்படித்தான். லேசான உள்வளைவு இருக்கலாம், அது தேவையும்கூட. முறுக்கு இருக்கவே கூடாது. விழுப்புரத்தில் ஒரு கடையில் 3,000 ரூபாய்க்கு ஒரு கறுப்புக் கிடார் காட்டினார்கள். பை, பெல்ட், பிக் எல்லாம் இலவசம். அப்பா ஒரு தடவை பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். "முறுக்கிக்கிட்டு இருக்கு பாப்பா." கடைக்காரர், "அதெல்லாம் வாசிக்க வாசிக்கச் சரியாயிடும் சார்" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, "முறுக்கின பலகை எங்கங்க சரியாவும்? இன்னும்தான் முறுக்கும்" என்றார். வெளியே வந்துவிட்டோம்.

2. கார்டு சோதனை: இதுதான் மிக முக்கியம். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை ஆக்ஷன் என்பார்கள். அதிகமாக இருந்தால் அழுத்த விரல் வலிக்கும். மிகக் குறைவாக இருந்தால் கம்பி ஃப்ரெட்டில் தட்டி "ஜிர்ர்" என்று இரையும். அளக்கக் கருவி வேண்டுமா? வேண்டாம். ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மி.மீ. எழுத்து புடைக்காத வழவழப்பான கார்டுகளை அடுக்கி, 12-வது ஃப்ரெட்டின் மேல், தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில் நுழையுங்கள். 3 கார்டு (2.3 மி.மீ.) கம்பியைத் தொட்டும் தொடாமலும் நுழைந்தால் அருமை. 4 கார்டு (3 மி.மீ.) தாராளமாக நுழைந்தால் உயரம் அதிகம், இறக்கித் தரச் சொல்லுங்கள். 5 கார்டு நுழைந்தால் வேறு கிடார் பாருங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் கிடாரில் எத்தனை கார்டு நுழைந்தது தெரியுமா? 6!

3. ஸ்கேல் சோதனை: கணக்கு பிடித்தவர்களுக்கு இது. கம்பி தொடங்கும் இடம் நட், முடியும் இடம் சேடில். 12-வது ஃப்ரெட் இதற்குச் சரி பாதியில் இருக்க வேண்டும். கம்பியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும் என்று இயற்பியலில் படிக்கிறோமே, அதேதான். ஐந்தாவது கம்பியைச் சும்மா மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் 220 ஹெர்ட்ஸ். நடுவில் இருக்கும் 12 படிகளும் ஒவ்வொன்றும் 1.0595 மடங்கு. அந்த எண்ணை 12 முறை பெருக்கிப் பாருங்கள், 2 வரும்!

650 மி.மீ. நீளக் கிடாரில் நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் 325 மி.மீ. அங்கிருந்து சேடில் வரை 325-ஐ விட ஒன்றிரண்டு மி.மீ. கூடவே இருக்கும். கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும், அதைச் சரிக்கட்டத்தான் அந்தக் கூடுதல். 325-ஐ விடக் குறைவாக இருந்தால் பிரிட்ஜைத் தப்பாக ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கிடாரில் எந்த ஜென்மத்திலும் சுருதி சேராது. அளக்க ஒரு டேப் கொண்டு போங்க. போனில் டியூனர் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது, அதிலும் சரிபாருங்கள்.

4. எல்லாக் கட்டமும்: ஆறு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். எங்காவது இரைந்தால், அல்லது அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டில் ஒரே ஒலி வந்தால், ஃப்ரெட் மேடு பள்ளம். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீங்க. காசு நம்மளது.

5. ஓரம் தடவுதல்: நெக்கின் இரு பக்கமும் உள்ளங்கையை ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை கீறினால் அரம் போட்டுத் தேய்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

6. பேப்பர் சோதனை: பிரிட்ஜ் பலகையோடு ஒட்டும் ஓரத்தில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு உப்பினாற்போலப் பலகை எழும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கிடார் வாங்குபவர்களுக்கு இது கட்டாயம்.

7. டார்ச் சோதனை: போன் டார்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பாருங்கள். மேல் பலகைக்கு அடியில் தாங்கு சட்டங்கள் இருக்கும். பசை வழிந்து கட்டி கட்டியாக நின்றால், சட்டம் பலகையைவிட்டு விலகியிருந்தால் வேலை சரியில்லை. பலகையை விரல் மூட்டால் மெல்லத் தட்டுங்கள். கடகட சத்தம் வந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. கடைசியாக டியூனிங் கீ ஆறையும் திருகுங்கள். ஆடாமல், இறுக்கமாக, வழுக்காமல் சுற்ற வேண்டும்.

விலை என்ன?

நான் விசாரித்தவரை மூன்று படிகள்.

2,000 முதல் 4,000 வரை: இதில் நல்லதும் உண்டு, ஆனால் தேடிப் பொறுக்க வேண்டும். ஏழு சோதனையும் செய்யாமல் தொடாதீர்கள்.

5,000 முதல் 7,000 வரை: நெக்குக்குள் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி வைத்த, சரிசெய்யக்கூடிய கிடார்கள் கிடைக்கும். பருவநிலையால் நெக் வளைந்தால் அதைத் திருகிச் சரிசெய்யலாம். அதற்குரிய சாவியையும் கேட்டு வாங்குங்கள்.

8,000-க்கு மேல்: பெரிய நிறுவனங்களின் ஆரம்பநிலைக் கிடார்கள். விற்றாலும் நல்ல விலை போகும்.

ஜப்பானின் யமஹா நிறுவனம் 2019-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் தொழிற்சாலை தொடங்கியது. கீபோர்டுகளும் அகூஸ்டிக் கிடார்களும் அங்கே தயாராகின்றன. கிவ்சன், ஹாப்னர் போன்ற பெயர்கள் கொல்கத்தாவிலிருந்து வருபவை. எந்தப் பெயராக இருந்தாலும் சரி, ஒரே பெட்டியில் வந்த இரண்டு கிடார் ஒன்றுபோல இருக்காது. பெயரை நம்பாதீங்க, கையில் இருக்கும் கிடாரைச் சோதிங்க.

எங்கே வாங்கலாம்?

வரைபடத்தில் பாருங்கள். திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி மூன்றும் ஒரு முக்கோணம். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 40 கி.மீ. ஆக, ஒரே நாளில் மூன்று ஊரையும் பஸ்ஸில் சுற்றி வரலாம். நம்ம ஊர்க் கடைகளில் இரண்டு மூன்று கிடார்தான் தொங்கும். புதுச்சேரியில் கொஞ்சம் கூடுதல். நிறையப் பார்க்க ஆசைப்பட்டால் சென்னை போகணும். அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிகல் 1842-இல் தொடங்கியது. இத்தனை வருஷமாக இசைக்கருவி விற்கும் கடை இருப்பதே ஆச்சரியம்தான்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா பாருங்கள். வந்த அன்றே ஏழு சோதனையும் செய்துவிடுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து வைப்பது நல்லது.

பழைய கிடாரும் மோசமில்லை. வாங்கிச் சில மாதத்திலேயே விட்டுவிட்டவர்கள் ஊரில் நிறைய. சர்ச் குவயர் அண்ணன்மாரைக் கேட்டால் யார் வீட்டில் எது தூங்குகிறது என்று சொல்வார்கள்.

என் கணக்கு

அம்மாவின் சீட்டுப் பணம் 6,500. இதற்குள் முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதுச்சேரியில் ஒரு கடையில் பார்த்த மூன்றாவது கிடார் ஆறு சோதனையில் தேறியது. கார்டு சோதனையில் மட்டும் 4 நுழைந்தது. கடைக்கார அண்ணன் சேடிலைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டினார். 3 கார்டுக்கு வந்துவிட்டது. சேடிலில் 1 மி.மீ. தேய்த்தால் 12-வது ஃப்ரெட்டில் பாதி, அதாவது 0.5 மி.மீ. இறங்கும். 12-வது ஃப்ரெட் நடுவில் இருப்பதால் வடிவொத்த முக்கோணக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. கணக்கு டீச்சர், உங்களுக்கு நன்றி!

கிடார் 5,500. உபரிக் கம்பி ஒரு செட் 300. பை 400. பஸ் செலவு போக மீதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீங்களும் மொத்தப் பணத்தையும் கிடாருக்கே வைக்காமல் கம்பிக்கும் பைக்கும் ஒதுக்குங்கள். புதிதாகப் பழகுபவர்கள் 0.010 அங்குல மெல்லிய செட் கேளுங்கள். இழுவிசை குறைவு, விரலுக்கும் இதம், கிடாருக்கும் இதம்.

அந்த வித்தையைப் பார்த்து வைத்திருந்த அப்பா, பக்கத்து வீட்டு அக்காவின் கிடாரையும் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். சேடில் ரொம்ப உயரமாக இருந்ததால் தேய்க்க இடம் இருந்தது. 6 கார்டு 4 ஆனது. முழுக்கச் சரியில்லை என்றாலும் வாசிக்கலாம். அக்கா அன்னைக்கே ஒரு கார்டைச் சுத்தமா அழுத்தி வாசிச்சாங்க. "அப்போ எனக்கு வரும்தானா?"ன்னு கேட்டாங்க. இப்போ தினமும் சாயங்காலம் அவங்க வீட்டிலிருந்து சத்தம் வருது.

பார்த்துக்கொள்வது எப்படி?

* ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், பரணில், வெயில் படும் சன்னல் ஓரத்தில், பஸ் எஞ்சின் பக்கத்தில் வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகும்.
* மழைக்காலத்தில் பைக்குள் புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போடுங்கள்.
* மரக்காணம் பக்கம் கடலோரத்திலிருந்து வரும் நண்பர்களே, உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள்.
* விரல் வலி இரண்டு மூன்று வாரம் இருக்கும். அது எல்லோருக்கும் வரும். ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும், ஆனால் தினமும் பழகணும். அதற்குப் பிறகும் வலித்தால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் கார்டு சோதனை செய்யுங்கள்.

கடைக்குப் போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: டேப், வழவழப்பான கார்டு 4, ஒரு தாள், டார்ச்சும் டியூனரும் உள்ள போன், முடிந்தால் மரவேலை தெரிந்த பெரியவர் ஒருவர். இந்தப் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். தாளைக் கிழித்துக்கொண்டு போகாதீர்கள், ஆசிரியர் குழு என்னைத்தான் திட்டும்!

இன்னும் சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வாங்க. வாங்கிய கிடார் வீட்டில் சும்மா இருந்தால் அதையும் கொண்டு வாங்க, கார்டு போட்டுப் பார்த்துடலாம்.



- பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி